இ.சி.ஆர். பாஸ்போர்ட்டும் 10 லட்சம் காப்பீடும்: விசிட் விசாவில் போகிறவருக்கு உண்டா?

3 ஜூலை 2024 (கேள்வி: பேராவூரணி வாசகர்)

என் மைத்துனர் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று அச்சிட்டிருக்கிறது. விசிட் விசாவில் துபாய்க்குப் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். வெளிநாடு போகும் தொழிலாளிக்கு மத்திய அரசின் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டாமே, அதை அங்கே போன பிறகு எடுத்துக்கொள்ள முடியுமா? இந்தத் திட்டங்கள் எல்லாம் மேடைப் பேச்சுக்குத்தான் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் எழுதவும்.

3 ஜூலை 2024, இரவு

முடியாது. காரணத்தைப் பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். டிக்கெட் எடுத்த பிறகு காரணம் படித்து என்ன பயன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வேலைக்காகப் போவதென்றால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, 18 நாடுகளுக்குப் புறப்படுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். வளைகுடா நாடுகள், ஈராக், ஜோர்டான், லெபனான் ஆகியவற்றோடு மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உள்ளன. 2014 முதல் இந்த அனுமதி இ-மைகிரேட் இணையதளம் வழியாக வருகிறது. முதலாளியின் பெயர், சம்பளம், ஒப்பந்தம், ஏஜென்டின் உரிம எண் எல்லாம் அதில் ஏறும். நீங்கள் கேட்கும் காப்பீட்டுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர், 2003-இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே இந்த பாலிசியையும் எடுத்தாக வேண்டும். இரண்டும் ஒரே கொடியில் காய்ப்பவை.

விசிட் விசாவில் போகிறவர் சட்டப்படி சுற்றுலாப் பயணி. புர்ஜ் கலீஃபாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று அரசு நம்பிக்கொண்டிருக்கிறது. அவர் பெயர் இ-மைகிரேட் பதிவேட்டில் ஏறாது, பாலிசியும் இராது. ஏஜென்ட் சொன்னதுபோல் விசா மாறுவது அங்கே நடக்கிற காரியம்தான், அதை நான் மறுக்கவில்லை. இந்தக் காப்பீடு மட்டும் பின்னால் ஓடிவந்து ஏறிக்கொள்ளாது.

5 ஜூலை 2024

மேடைப் பேச்சு என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மஸ்கட்டில் 19 ஆண்டு இருந்துவிட்டு 2016-இல் ஊர் திரும்பினேன். இப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து இணைய விண்ணப்பங்களும் போட்டுக் கொடுக்கிறேன். ஆகையால் நான் பார்ப்பது பெரும்பாலும் தாள்களைத்தான்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் 2022-இல் விசிட்டில் துபாய் போனார். மூன்றாவது மாதம் வேலை விசாவாக மாற்றிக்கொண்டார். நான்காவது மாதம் வீட்டுக்கு மிக்ஸி வந்தது. அடுத்த ஆண்டு கார்த்திகையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். செய்தி வந்த மறுநாள் அவர் மனைவி மஞ்சள் பையோடு என் கடைக்கு வந்தார். பைக்குள் பாஸ்போர்ட்டின் கறுத்துப்போன நகல் ஒன்று, ரேஷன் கார்டு, கூட்டுறவு நகைக்கடன் ரசீது, கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அமீரக அடையாள அட்டையின் படத்தை யாரோ அச்செடுத்துக் கொடுத்த தாள். அவ்வளவுதான் இருந்தது. "பாலிசின்னு ஒண்ணு இருக்கும்னு சொல்றாங்களே, எதுங்கண்ணே அது?" என்று ஒவ்வொரு தாளாக எடுத்து மேசைமேல் வைத்தார். அது அந்தப் பையில் இல்லை, இருக்கவும் முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நகல் எடுப்பதுபோல் எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உடல் ஒன்பதாம் நாள் திருச்சிக்கு வந்தது. விமானச் செலவை நிறுவனம் ஏற்றது. விமான நிலையத்திலிருந்து ஊர் வரை மாநில அரசு ஏற்பாடு செய்த அமரர் ஊர்தி வந்தது. அதற்குக் காசு கேட்கவில்லை. ஆகவே எல்லாமே மேடைப் பேச்சு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் 275 ரூபாய்த் தாள் ஒன்று அந்தப் பையில் இருந்திருந்தால், அந்தக் குடும்பம் ஒத்திக்கு வைத்த இரண்டு மா அளவு நிலம் மறு மாதமே திரும்பியிருக்கும்.

6 ஜூலை 2024

முதல் பதிவைத் திருத்துகிறேன். கேள்வியில் இருந்த 10 லட்சத்தை மொட்டையாகவே விட்டுவிட்டேன். எப்படி இறந்தாலும் 10 லட்சம் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோதான் அந்தத் தொகை. அறையில் தூங்கப் போனவர் மாரடைப்பில் எழுந்திருக்கவில்லை என்றால் 10 லட்சம் கிடையாது. நான் மஸ்கட்டில் இருந்த காலத்தில் என் முகாமில் இறந்த நால்வரில் மூவர் அப்படித் தூக்கத்தில் போனவர்கள்தான் என்பதால் இந்த வேறுபாடு சிறியதன்று. பாலிசியில் மருத்துவமனைச் செலவுக்கு ஒரு லட்சம் வரை உண்டு. முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும். முடியும் தேதிக்கு முன் புதுப்பிக்க வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

14 ஜூலை 2024

எங்கள் பக்கத்தில் இ.சி.ஆர். என்றால் இரண்டு பொருள். ஒன்று நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மற்றொன்று பாஸ்போர்ட்டில் அச்சிடும் குடிபெயர்வுச் சோதனைக் குறிப்பு. போன வாரம் ஒரு பெரியவர் தம் பேரனின் பாஸ்போர்ட்டைக் காட்டி, "ரோடு நம்ம ஊரு வழியா போறதால போட்டுருக்கானா?" என்று கேட்டார். சிரித்தேன், பிறகு யோசித்தபோது அவர் கேட்டதில் பாதி சரிதான் என்று பட்டது. அந்தச் சாலை ஓரத்து ஊர்களின் பாஸ்போர்ட்டுகளில் அந்தக் குறிப்பு நிறையவே இருந்தது.

அந்தக் குறிப்பை ஊரில் ஓர் அவமானமாகப் பார்க்கிறார்கள். பத்துத் தேறியவருக்கும், 50 வயது கடந்தவருக்கும், வருமான வரி கட்டுபவருக்கும், மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கும் அது தேவையில்லை. மூன்று ஆண்டு முடித்து வருகிறவர் முதல் வேலையாக அதை நீக்கக் கேட்டு வருவார். பெண் பார்க்கும்போது மாப்பிள்ளைக்கு இ.சி.ஆர். இல்லை என்று சொல்லிக்கொள்கிற வீடுகளும் உண்டு. நானும் 2000-இல் நீக்கிக்கொண்டேன், சாக்லேட் கொடுத்துக் கொண்டாடினேன். அதோடு ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் கண்ணும், பின்னால் 2003-இல் வந்த கட்டாயக் காப்பீடும் போய்விடுகின்றன என்பது அப்போது தெரியாது. சாரம் பத்துப் படித்தவனையும் ஒன்பது படித்தவனையும் ஒரே வேகத்தில்தான் கீழே போடும்.

28 ஜூலை 2024

இன்று மேட்டூர் அணையைத் திறந்திருக்கிறார்கள். ஜூன் 12 அன்று திறக்க வேண்டியது. இந்த ஆண்டு அணையில் நீர் இல்லாததால் குறுவைப் பயிருக்குத் திறக்கவில்லை. அதே ஜூன் 12 அன்றுதான் குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்து 45 இந்தியர் இறந்தனர். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். விமானப்படையின் விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அந்த வாரம் என் கடைக்கு வந்தவர்கள் தண்ணீரைப் பற்றியும் பேசினார்கள், தீயைப் பற்றியும் பேசினார்கள். டெல்டாவில் இவை இரண்டும் ஒரே பேச்சு. தண்ணீர் நேரத்துக்கு வந்திருந்தால் இத்தனை பேர் விமானம் ஏறியிருப்பார்களா என்று ஒருவர் கேட்டார். ஏறியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டுகளிலும் ஏறினார்கள்.

கூத்தாநல்லூர் நண்பர் சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டிருந்தார். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. ஆகவே இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு வேலை பெர்மிட்டில் போகிறவருக்கும் குடிபெயர்வு அனுமதி வேண்டாம், பிரவாசி காப்பீடும் கட்டாயமில்லை. அங்கே வேலைக் காயத்துக்கான காப்பீட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் முதலாளியே எடுக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச அளவு 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 60,000 சிங்கப்பூர் டாலர். அங்கு காப்பது அந்நாட்டுச் சட்டம். நம் சட்டம் பட்டியலை வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறது.

11 ஆகஸ்ட் 2024

ஏஜென்ட் கட்டணம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உரிமம் பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. ரசீது கொடுக்க வேண்டும். உரிமம் உண்டா என்பதை இ-மைகிரேட் தளத்திலேயே பார்க்கலாம். உரிமம் இல்லாமல் ஆள் அனுப்பினால் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்த 2,000 ரூபாய் 1983-இல் எழுதியது. இன்று திருச்சி விமான நிலையத்துக்கு வாடகை கார் பிடித்துப் போய் வரக்கூடப் பற்றாது.

1997-இல் நான் 48,000 கொடுத்தேன். ரசீது கேட்டபோது அந்த ஏஜென்ட், "நம்பிக்கை இல்லன்னா பணத்த எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி" என்றார். எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். பேசிய வேலை எலெக்ட்ரீஷியன், கிடைத்தது சாலையோரம் குழி வெட்டும் வேலை. அதை எதிர்த்துப் புகார் கொடுக்க அன்று என்னிடம் இருந்த ஒரே ஆவணம் என் நினைவுதான்.

1 செப்டம்பர் 2024

பேராவூரணி வாசகர் தனிச் செய்தி அனுப்பியிருந்தார். மைத்துனர் போய்விட்டாராம், விசிட்டில்தான். சரி, இனி ஆகவேண்டியதை எழுதுகிறேன்.

பதிவேட்டில் இல்லாதவருக்கும் திறந்திருக்கிற வாசல்கள் இரண்டு உண்டு. 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதி ஒன்று. தூதரகங்களில் பாஸ்போர்ட் முதலிய சேவைகளுக்கு வாங்கும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வசூலிக்கிறார்களே, அது சேர்கிற உண்டியல் இது. கையில் காசில்லாமல் தவிப்பவருக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், சட்ட உதவி, திரும்பி வர டிக்கெட், இறந்தால் உடலை அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு இதிலிருந்து தரலாம். வசதியில்லாதவர் என்பதைத் தூதரகம் பார்த்துத்தான் தரும். இ.சி.ஆர். உண்டா, எந்த விசா என்பது முதல் கேள்வியாக இருப்பதில்லை. மற்றொன்று 2015-இல் வந்த மதத் என்ற புகார்த் தளம். ஊரில் இருந்தபடியே குடும்பத்தார் பதிவு செய்யலாம். கொத்தனார் விஷயத்தில் நான் பதிவு செய்தது அதில்தான். மறுநாளே துணைத் தூதரகத்திலிருந்து அழைத்தார்கள். அழைத்தவர் இந்தியில் பேச, நான் மஸ்கட் இந்தியில் பதில் சொல்ல, நடுவில் கொத்தனாரின் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு வேண்டியவை: பாஸ்போர்ட்டின் முன்பக்க, பின்பக்க நகல்கள், விசாத் தாள், நிறுவனத்தின் பெயரும் இடமும், கூட வேலை செய்கிற ஒருவரின் கைப்பேசி எண். மைத்துனரிடம் இன்றே வாங்கிப் பையில் வைக்கவும்.

2 செப்டம்பர் 2024

மாநில வாரியத்தை விட்டுவிட்டேன் என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் கடிந்திருக்கிறார், நியாயம்தான். 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அயலகத் தமிழர் நல வாரியத்தில் வெளிநாட்டில் இருக்கிறவரே இணையத்தில் உறுப்பினராகலாம். உறுப்பினருக்குத் தனி பிரீமியத்தில் விபத்துக் காப்பீடும் உண்டு. ஆகவே 3 ஜூலை அன்று நான் எழுதிய "முடியாது" என்பது மத்தியக் காப்பீட்டுக்கு மட்டும் பொருந்தும். இதில் மைத்துனர் வேலை விசா கைக்கு வந்ததும் முயன்று பார்க்கட்டும்.

20 அக்டோபர் 2024

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண், அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். தனியார் ஏஜென்ட் அனுப்பக் கூடாது, அரசு நிறுவனம் வழியாகவே போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நல்ல விதி என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 26 வயதில், கணவன் விட்டுப்போய், இரண்டு குழந்தைகளோடு நிற்கிறவள் நான்கு ஆண்டு காத்திருப்பதில்லை. விசிட் விசாவை நீட்டுகிறவன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். காக்க வேண்டும் என்று போட்ட வேலி அவளைப் பதிவேட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

17 நவம்பர் 2024

சற்று விலகிய கேள்வி, ஆனால் நம் பக்கத்துக் கேள்விதான். என் பாட்டனாரின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு போனவர், திரும்பவில்லை. அவர் பேரன், எனக்குத் தம்பி முறை, மலேசியக் குடிமகன், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறார். போன மாதம் வந்தவர் வெண்ணாற்றங்கரையில் ஒரு வேலி அளவு நிலம் வாங்கி, இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் வழியில் பயிரிட வேண்டும் என்றார். வாங்க முடியாது. 2005-இல் வந்த ஓ.சி.ஐ. அட்டை ஆயுள் முழுவதும் வந்துபோக அனுமதி தருகிறது. வீடு வாங்கலாம், வணிகக் கட்டடம் வாங்கலாம். வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்கும் உரிமையும் இல்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் குடிமகனுக்குத்தான் விற்கலாம். "அப்போ தாத்தா எழுதி வச்சிருந்தா உண்டு, நான் காசு கொடுத்தா இல்லையா அண்ணே?" என்றார். ஆம், அப்படித்தான். தாத்தா எழுதி வைக்கவில்லை. கப்பலேறும்போது இருந்ததையும் விற்றுவிட்டுத்தான் போனார்.

12 ஜனவரி 2025

இந்த வாரம் இரண்டு விழாக்கள். 1915-இல் காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஜனவரி 9 பிரவாசி பாரதிய தினம். 2003 முதல் கொண்டாடுகிறார்கள், இம்முறை புவனேஸ்வரத்தில். இன்று, ஜனவரி 12, மாநிலத்தின் அயலகத் தமிழர் தினம். பொங்கல் வாரத்தில் இரண்டு மேடைகள். 2009-இல் சென்னையில் பிரவாசி விழா நடந்தபோது நான் மஸ்கட்டில் முகாம் தொலைக்காட்சியில் பார்த்தேன். முதலீடு, தொழில்நுட்பம், அடுத்த தலைமுறையின் வேர்கள் என்று பேசினார்கள். என் பக்கத்துப் படுக்கைக்காரர், "நம்மளப் பத்தி எப்பப்பா வரும்?" என்று கேட்டுவிட்டு, விளம்பரம் வந்ததும் தூங்கிப்போனார்.

மேடையை நான் பழிக்கவில்லை. 2023-இல் சூடான் போரில் சிக்கியவர்களைக் கொண்டுவந்த நடவடிக்கைக்கு நம் ஆற்றின் பெயரை வைத்து ஆபரேஷன் காவேரி என்றார்கள். 3,862 பேர் திரும்பினார்கள். அந்தக் காவேரி ஒரு பட்டியலும் பார்க்கவில்லை, விசா வகையும் கேட்கவில்லை. போர் வந்தால் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளத் தெரிந்த அரசு, சாதாரண நாளில் ஒரு கொத்தனாரைச் சுற்றுலாப் பயணி என்று நம்புகிறதே, என் மனக்குறை அதுதான். திருச்சியில் விசிட் விசாவோடு வரிசையில் நிற்கிறவரின் கையைப் பார்த்தாலே தெரியும், சிமென்ட் தின்ற கை என்று.

9 மார்ச் 2025

கொத்தனார் வீட்டு விவரம் கேட்டவர்களுக்கு. நிறுவனம் அந்நாட்டுச் சட்டப்படி தர வேண்டிய இழப்பீடு இன்னும் வரவில்லை. வாரிசுச் சான்றிதழ் வேண்டும்; அது மூன்று முறை திரும்பியது. தடை ஒரு ழகரத்தால் வந்தது. பாஸ்போர்ட்டில் அவர் பெயரின் ழ இசட்-எச் என்றும், ஆதாரில் எல் என்றும், துபாய் இறப்புச் சான்றில் இரண்டும் இல்லாமல் ஒய் என்றும் இருக்கிறது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் முழுமையாக, ரேஷன் கார்டில் ஒற்றை முன்னெழுத்தாக. மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறோம். வெளிநாடு போகிறவர்கள் ஏஜென்டைப் பார்க்குமுன் தங்கள் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே எழுத்துகள் இருக்கட்டும்.

30 ஏப்ரல் 2025

சான்றிதழ் கிடைத்தது. நகல் எட்டு எடுத்தேன். காசு வாங்கவில்லை என்று எழுதினால் தற்பெருமை ஆகும், ஆகவே எழுதவில்லை.

8 ஜூன் 2025

இழப்பீடு ஆட்சியர் அலுவலகம் வழியாக வந்துவிட்டது. ஒத்தி நிலம் மீண்டது.

இன்று காலை அந்தப் பெண் மகனோடு வந்தார். பையன் இந்த ஆண்டு பத்துத் தேறிவிட்டான், 381 மதிப்பெண். ஐ.டி.ஐ. சேர்கிறான், மாமா ஒருவர் கத்தாரில் இருக்கிறாராம், இரண்டு ஆண்டு கழித்து அழைத்துக்கொள்வாராம். பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பித்து வைக்கலாமா என்று கேட்டார். பத்துத் தேறியதால் இவனுக்கு இ.சி.ஆர். வராது என்று நான் மகிழ்ச்சியாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அத இவனுக்குப் போட்டுத் தரச் சொல்ல முடியாதாண்ணே?" என்றார்.

முடியாது என்றேன். மதிப்பெண் பட்டியலை நகல் எடுத்து அதே மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தேன்.